மரத்தில் எழுந்த போர் விமானம்

ஊர் விட்டு ஊர் சென்று வாழும் குடும்பங்களில், பெட்டியின் அடியில் பழைய பொருள் ஒன்று கிடப்பது வழக்கம். சிலர் வீட்டில் அது பாட்டியின் பாக்குவெட்டியாக இருக்கும். சிலர் வீட்டில் விற்றுப்போன நிலத்தின் பத்திரமாக இருக்கும். நமது வீட்டுப் பெட்டியில் இருப்பது ஒரு சாண் நீளமுள்ள மர விமானம். கல்யாண முருங்கை மரத்தைப் பேனாக்கத்தியால் செதுக்கிச் செய்தது. அதன் வாலில், பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுட்ட துளை ஒன்று உண்டு. விமானத்தைச் செய்தவர் நமது தமையனார்; துளையைச் சுட்டவர் நாம். அந்தத் துளை தவறு என்று அறிந்துகொள்ள நமக்கு 56 ஆண்டுகள் ஆயின. அதை நமக்கு அறிவித்தது, ஆறரை அடி அகலத்தில் நாமே கட்டிய மற்றொரு விமானம். போர் விமானங்களின் பெரிய மாதிரிகளைக் கட்டும் கலையைப் பற்றி எழுதுமாறு சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, இந்தத் துளையிலிருந்து தொடங்குவதே முறை என்று தோன்றிற்று.

சூலூரின் வானம்

நமது தந்தையார் உடுமலைப் பக்கத்தை விட்டு, பாலக்காட்டின் கிழக்கெல்லையிலுள்ள வேலந்தாவளத்தில் மளிகைக் கடை வைத்தவர். மாநில எல்லை அங்கே கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. தரையில் எல்லை இருந்ததே அன்றி வானத்தில் இல்லை. மேற்கு மலைத் தொடர் அவ்விடத்தில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நின்று காற்றுக்கு வழிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் என்று அதைச் சொல்லுகிறோம். ஆடி மாதக் காற்று அதன் வழியே கோவை நாட்டுக்குள் புகும். கிழக்கே சூலூரிலிருந்து எழும் விமானங்களோ எதிர்த்திசையில் நம் தலைக்கு மேல் வரும்.

சூலூருக்கும் விமானங்களுக்கும் உள்ள உறவு பழையது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்துறை கோவையிலும் சூலூரிலும் தளம் அமைத்து, கீழைக் கடல்களில் போரிட்ட விமானங்களைப் பழுது பார்த்தும் சேமித்தும் வந்தது. சுதந்திரத்துக்குப் பின், நமது கடற்படைக்கு ‘விக்ராந்த்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1961 மார்ச் 4ஆம் நாள் கிடைத்தது. கப்பலில் இறங்கும் ஜெட் விமானங்களுக்குக் கரையிலும் ஒரு வீடு வேண்டுமல்லவா? அவ்வாறு 1961 செப்டம்பர் 5ஆம் நாள் சூலூரில் தொடங்கப்பட்டதே ஐ.என்.எஸ். ஹம்சா என்னும் கடற்படை விமானத்தளம். கோவா இந்தியாவுடன் இணைந்த பிறகு, 1964 ஜூன் மாதத்தில் அத்தளம் தபோலிமுக்கு இடம் பெயர்ந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் நமது பாலிய காலத்தின் பொற்காலம் எனலாம்.

சீ ஹாக், வாம்பயர், அலீஸே என்னும் பெயர்களை அன்று நாம் அறியோம். ‘சூலூர்க் கப்பல்’ என்பதே சிறுவர்கள் வைத்த பெயர். ஓசை கேட்டதும் கடலைக்காட்டுக்கு ஓடி, ஓசை வரும் பக்கம் அண்ணாந்து பார்ப்போம். அங்கே வெறும் வானம் இருக்கும். நம்மைவிட நான்கு வயது மூத்த தமையனார் ஒருவரே அந்த இரகசியத்தைக் கண்டு சொன்னார்: “தம்பி, சத்தம் வருகிற இடத்தைப் பார்க்காதே. அதற்கு முன்னால் பார். சத்தம் பின்னால்தான் வரும்.” ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும் என்பதும், அதற்குள் ஜெட் விமானம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும் என்பதும் பிற்பாடு பள்ளியில் படித்த பாடம். தமையனார் அதைக் கண்ணாலேயே கற்றிருந்தார்.

ஒரு பொய்யனின் கதை

1963ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு நாள், விடியுமுன்பே கடைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தமையனார் மறைந்துவிட்டார். திரும்பியபோது விளக்கு வைத்தாயிற்று. இருபது கல்லுக்கு மேல் மிதித்துச் சூலூர் சென்று, வேலிக்கு அப்பாலிருந்து விமானங்களைப் பார்த்து வந்திருந்தார். கடையைப் பாழாக்கியதற்காகத் தந்தையாரிடம் பட்ட அடிகளைப் பொறுமையாகப் பெற்றுக்கொண்டார். மறுநாள் அவர் செதுக்கியதே நாம் மேலே சொன்ன மர விமானம்.

அது முடியும் தறுவாயில் தெருப் பிள்ளைகள் அனைவரும் சூழ்ந்துகொண்டனர். தமையனார் இரண்டு செய்திகளைச் சொன்னார். ஒன்று, அந்த விமானங்கள் நிற்கும்போது இறக்கைகளை மேல்நோக்கி மடக்கி வைத்திருக்கின்றன என்பது. மற்றொன்று, அவற்றின் வாலில் துளை இல்லை, புகை இரண்டு இறக்கைகளின் அடியிலிருந்து, இரு பக்கமும் வெளிவருகிறது என்பது. நாம் சிரித்தோம். மடக்குவதற்கு அது என்ன கோழியா என்று கேட்டோம். பள்ளிப் புத்தகத்திலுள்ள ஜெட் விமானத்தின் படத்தைக் கொண்டுவந்து, வாலில் துளை இருப்பதைக் காட்டினோம். “நீ சூலூருக்கே போகவில்லை, பொய் சொல்லுகிறாய்” என்று அனைவர் முன்னிலையிலும் கூறினோம். அதோடு நில்லாமல், அடுப்பில் ஆணியைக் காய்ச்சி வாலில் துளையும் சுட்டோம். தமையனார் எதிர்வாதம் செய்யவில்லை. விமானத்தை நம் கையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு நம்மிடம் அவர் விமானத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

காலம் நம்மைப் பிரித்தது. அவர் கோவையில் ஓர் இரும்புப் பட்டறையில் சேர்ந்தார். நாம் பீருமேட்டு மலையில், வண்டிப்பெரியாற்றுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக அமர்ந்து, அங்கேயே முதுமை எய்தினோம். பொங்கலுக்கும் திருமணங்களுக்கும் சந்தித்தோம், நலம் விசாரித்தோம். 2009ஆம் ஆண்டு அவர் காலமானார்.

சிறிதில் மறைவது, பெரிதில் தெரியும்

ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் கழிந்தபின், 2019இல், பெட்டியை ஒழுங்கு செய்கையில் அந்த மர விமானம் கைக்கு வந்தது. இதையே பெரிதாகச் செய்து பார்த்தால் என்ன என்னும் ஆசை பிறந்தது. வெளிநாட்டிலுள்ள நண்பர் ஒருவர் சீ ஹாக் விமானத்தின் அளவு வரைபடங்களை அனுப்பி உதவினார். அவற்றை மேசைமேல் விரித்த அன்றிரவு நமக்கு உணவு செல்லவில்லை. வாலில் துளை இல்லை. இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புகைவாய்கள் இருந்தன. இறக்கைகள் நடுவில் கீல் வைத்து மேல்நோக்கி மடிந்தன.

இவ்வமைப்பின் காரணம் பின்னர் விளங்கிற்று. சீ ஹாக்குக்கு எஞ்சின் ஒன்றே; ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ‘நீன்’ என்பது அதன் பெயர். பருமனான அந்த எஞ்சின் உடலின் நடுவே அமர்ந்திருக்கும். அதன் வெப்பக்காற்றை வால் வரை நீண்ட குழாயில் கொண்டு சென்றால் விசை வீணாகும். பின்னுடல் முழுவதையும் குழாயே அடைத்துக்கொள்ளும். ஆகவே, குழாயைக் கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரித்து, இறக்கையின் அடியிலேயே வெளிவிட்டார்கள். பின்னுடலில் எரிபொருள் தொட்டிக்கு இடம் கிடைத்தது. இறக்கை மடிவதோ, கப்பலின் குறுகிய தளத்தில் இடத்தை மிச்சப்படுத்துவதற்கு. வேலிக்கு வெளியே நின்ற பதினான்கு வயதுச் சிறுவன் இரண்டையும் சரியாகக் கண்டிருக்கிறான். புத்தகத்தை நம்பிய நாம் கண்டவனைப் பொய்யனாக்கினோம்.

மாதிரியைப் பெரிதாகக் கட்டுவது என்று உறுதி செய்தது அன்றுதான். சீ ஹாக்கின் இறக்கை அகலம் 39 அடி. உலகெங்கும் புகழ்பெற்ற 1/72 என்னும் அளவில் செய்தால் அது 6½ அங்குலம் ஆகும். நாம் கொண்டது 1/6 அளவு, அதாவது ஓரடிக்கு இரண்டு அங்குலம். அகலம் 6½ அடி. சிறிய மாதிரியில் ஒரு கதவின் கீலை வண்ணக்கோடாகத் தீட்டிவிடலாம். ஆறரை அடி மாதிரியில் அவ்வாறு ஏய்க்க முடியாது. அந்தக் கதவு எப்பக்கம் திறக்கும், எதன்மேல் அமரும் என்பதை அறிந்தே தீரவேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டப் பெரிய மாதிரி இடம் கொடாது.

சிறிய மாதிரிகளை இகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர விமானங்களை 1/72 அளவில் செய்து தருமாறு கேட்டது. பீரங்கி வீரர்களும் விமானிகளும் அவற்றைப் பார்த்தே, வருவது நண்பனா பகைவனா என்று இனங்காணப் பழகினார்கள். ஓர் இறக்கையின் வளைவைப் பிள்ளை தவறாகச் செதுக்கினால், தன் நாட்டு விமானத்தையே வீரன் சுட்டுவிடக்கூடும். விளையாட்டுப் பொருள் போன்ற ஒன்றிலும் உண்மை தவறாதிருப்பது உயிர்ப்பிரச்சினை ஆகலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

கட்டிய விதம்

கட்டும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். வரைபடத்தில் விமானத்தின் உடலை ரொட்டித் துண்டங்களைப் போலக் குறுக்கே வெட்டிக் காட்டியிருப்பார்கள். அந்த வடிவங்களைப் பிளைவுட் பலகையில் அறுத்து, ஒரு நீண்ட சட்டத்தில் வரிசையாக நிறுத்த வேண்டும். பார்ப்பதற்கு மீன் முள் போல் இருக்கும். மூங்கில் சிம்புகளை நீளவாக்கில் ஒட்டி அவற்றைப் பிணைத்து, மெல்லிய பலகையால் தோல் போர்த்த வேண்டும். வெளிநாட்டார் இதற்குப் பால்சா மரத்தைப் பயன்படுத்துவர். நாம் பெரும்பாலும் தீப்பெட்டித் தொழிலுக்குப் பயன்படும் மட்டி மரத்தைக் கொண்டே ஒப்பேற்றினோம். பிறகு கார்ப் பட்டறையில் செய்வதுபோலப் பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, மறுபடியும் பூசித் தேய்க்க வேண்டும். விமானி அமரும் இடத்தின் கண்ணாடிக் கூண்டுக்கு, மரத்தில் அச்சுச் செதுக்கி, அக்ரிலிக் தகட்டைச் சூடேற்றி அதன்மேல் அழுத்தினோம். ஐந்து தகடுகள் பாழாயின, ஆறாவது தேறிற்று.

பீருமேட்டு மழை நமக்குப் பெரும் சோதனையாக வந்தது. முதலாண்டு ஆனியில் பலகைகள் ஈரம் குடித்து ஊதி, ஒட்டிய இடமெல்லாம் பிரிந்தன. வலது இறக்கை வில்லாக வளைந்தது. சட்டங்களை அடுப்படிப் பரணில் ஏற்றி உலர்த்தி, மறுபடியும் தொடங்கினோம். வீட்டார் பொறுத்துக்கொண்டது நமது பாக்கியம்.

அப்போது எட்டு வயதாயிருந்த பேத்தி நாள்தோறும் பக்கத்தில் அமர்ந்து உப்புத்தாள் தேய்ப்பாள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமுமே படிக்கும் பிள்ளை, சட்டம், சிம்பு, கீல், ஆப்பு, இழைப்புளி முதலிய சொற்களை இந்த வேலையில்தான் கற்றாள். விமானத்தின் மூக்கடியில் நான்கு துளைகள் இட்டபோது, அவை எதற்கு என்று கேட்டாள். நான்கு பீரங்கிகளுக்கு என்றோம். “யாரைச் சுடுவதற்கு, அப்பாரு?” என்றாள். அன்று நமது உளி சற்று நேரம் நின்றது.

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். 1971 டிசம்பர் 4ஆம் நாள், வங்கக் கடலில் நின்ற விக்ராந்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் எழுந்து, காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. ‘வெண்புலிகள்’ என்று பெயர் பெற்ற 300ஆம் அணியின் விமானங்கள் அவை. அப்போர் ஒரு புதிய நாட்டின் பிறப்புக்கு உதவியது. நமது கடற்படையின் வரலாற்றில் அது பெருமைக்குரிய நாள். ஆயினும், கடலைக்காட்டில் நின்று நாம் கைதட்டிய அதே ஓசையைக் கேட்டு அங்கே பிள்ளைகள் பதுங்கியிருப்பார்கள். அழகிய வடிவத்தைச் செதுக்கிவிட்டு நான்கு துளைகளை மட்டும் விட்டுவிடுவது, துளை இல்லாத வாலில் துளை சுடுவதற்கு ஒப்பான பொய்யாகும். ஆகையால் துளைகளை இட்டோம். பேத்திக்குக் கதையையும் சொன்னோம்.

கேட்டுக்கொண்டிருந்தவள் உள்ளே சென்று, தன் பொம்மை ஒன்றை எடுத்துவந்து, “ஆளில்லாமல் எப்படிப் போகும்?” என்று விமானியின் இருக்கையில் அமர்த்தினாள். கடையில் விற்கும் அத்தகைய பொம்மைகள் பெரும்பாலும் மனித உருவில் ஆறில் ஒரு பங்கு உயரமுள்ளவை. பதினோரு அங்குலப் பொம்மை அளவாகப் பொருந்திற்று. அதற்குத் துணியில் தலைக்கவசம் தைத்துக் கொடுத்தவர் நமது மனைவியார். மேலே கருஞ்சாம்பல் நிறமும், கீழே வெளிர்ந்த வான் நிறமும், பக்கத்தில் காவி, வெள்ளை, பச்சை வட்டமும் தீட்டி, 2022ஆம் ஆண்டு ஓணத்தின்போது வேலையை முடித்தோம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

நமது விமானம் பறப்பதற்கன்று, பார்ப்பதற்கே. பறக்கும் மாதிரி செய்ய விரும்பும் இளைஞர்கள் ஒரு கணக்கை நினைவில் கொள்ளவேண்டும். அளவு ஆறில் ஒன்றானால் இறக்கையின் பரப்பு முப்பத்தாறில் ஒன்றாகும். எடையோ இருநூற்றுப் பதினாறில் ஒன்றாகும். சீ ஹாக்கின் வெற்று எடை சுமார் 4,200 கிலோ. அதை 216ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19½ கிலோ வரும். இறக்கை சுமக்கும் பாரம் உண்மை விமானத்தில் உள்ளதைவிட மிகக் குறைந்துபோவதால், மாதிரி விமானம் மெதுவாகவே பறக்க முடியும். நமது அரசாங்கத்தின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள், கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கும் மாதிரிகளுக்கு 25 கிலோ என்று வரம்பு கட்டியுள்ளன. எவ்விடத்தில் பறக்கவிடலாம் என்பதை அரசின் வான்வெளி வரைபடத்தில் பார்த்துக்கொள்வதும் கடமை. எல்லைப் பகுதி இளைஞர்கள் இதில் மிகுந்த கவனம் கொள்ளவேண்டும். சூலூர் இன்றும் விமானப்படைத் தளம். 2018இல் தேஜஸ் விமானங்களின் முதல் அணி அங்கே வந்தது. 2020 மே 27ஆம் நாள் இரண்டாம் அணியும் அங்கேயே தொடங்கப்பட்டது.

இது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு மட்டுமே என்று எண்ணுவோரும் உளர். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேரும் பிள்ளைகளுக்கு மாதிரி விமானம் கட்டுவது பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. அப்படையினருக்கென நமது இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரத்தில் மலைமேல் ஓடுதளம் ஒன்று அமைந்துள்ளது. முன் முயற்சிகள் கைகூடாத பின், 2022 டிசம்பர் 1ஆம் நாள் ‘வைரஸ்’ என்னும் சிறு விமானம் அங்கே முதன்முறையாக இறங்கிற்று. இடுக்கியின் மண்ணில் விமானம் இறங்கிய நாள் என்று ஊரே மகிழ்ந்தது.

அன்று நாமும் பேத்தியுடன் தேயிலைச் சரிவில் நின்றோம். அவளுக்கு அப்போது பத்து வயது. கடலைக்காட்டில் நின்றபோது நமக்கிருந்த அதே வயது. ஓசை கேட்டதும் அவள் ஓசை வந்த பக்கமே பார்த்தாள். “அங்கே இல்லை அம்மா, கொஞ்சம் முன்னால் பார்” என்றோம். கண்டுகொண்டாள். “உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்றாள். நமது தமையனாரின் பெயரை அன்று அவளுக்குச் சொன்னோம்.

கோவாவில்

சொல்லவேண்டிய இடம் இன்னும் ஒன்று இருந்தது. 2023ஆம் ஆண்டுத் தை மாதத்தில், தமையனாரின் மகனை அழைத்துக்கொண்டு கோவா சென்றோம். தபோலிமுக்கு அருகிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் உண்மையான சீ ஹாக் ஒன்று திறந்த வெளியில் நிற்கிறது. 1983இல் சீ ஹாரியர் விமானங்கள் வந்தபோது, இவை ஓய்வு பெற்றன. நாம் நினைத்திருந்ததைவிட அது சிறியது; ஆனால் நமது மாதிரியின் ஒவ்வொரு வளைவும் அதில் இருந்தது. இறக்கை உடலைச் சேரும் இடத்துக்கு அருகே மகனை அழைத்துச் சென்று, புகைவாயைக் காட்டினோம். பிறகு துணிப்பையிலிருந்து கல்யாண முருங்கை விமானத்தை எடுத்து அவன் கையில் கொடுத்து, சைக்கிள் பயணத்தையும், பட்ட அடிகளையும், ஆணியையும் மறைக்காமல் கூறினோம்.

அவன் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இந்தத் துளையை அடைத்துவிடலாமே, சித்தப்பா” என்றான். வேண்டாம் என்றோம். விமானம் தமையனாருடையது; துளை நம்முடையது. இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

அன்பர்களே! உங்கள் இல்லங்களிலும் மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் கண்டதாகக் கூறும் காட்சிகளில் நீங்கள் நம்பாதவையும் இருக்கும். மாதிரி விமானமாயினும், மண் வீடாயினும், அதைக் கொஞ்சம் பெரிதாகவே கட்டிப் பாருங்கள்; கட்டும்போதே அவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கட்டுங்கள். நமக்குக் கிட்டாத அந்த வாய்ப்பு உங்களுக்கு இன்னும் இருக்கிறது.